உள்பக்கம் தைத்த பை

என் புருஷனின் சாம்பல் நிற பேன்ட்டில் இன்னொருத்தர் கைத்தையலைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்டதெல்லாம் நான் தைத்தது, இல்லையென்றால் கடையில் வாங்கி நான் பிரித்துச் சரிசெய்தது. அன்றைக்கு இஸ்திரி போட எடுத்தால், பின்பக்கம் இடுப்புப் பட்டியை யாரோ பிரித்து, அகலப்படுத்தி, கறுப்பு நூலில் தைத்திருக்கிறார்கள். சாம்பல் துணிக்குக் கறுப்பு நூல். அதுவும் முடிச்சு வெளியே துருத்திக்கொண்டு. வேறொருத்தியோடு சினிமாவுக்குப் போயிருந்தால்கூட நாலு வார்த்தை கேட்டுவிட்டு விட்டிருப்பேன். இதை எப்படி விடுவது?

நான் தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் துணி வெட்டும் நீள மேசை, மூலையில் திரை கட்டி அளவெடுக்க ஓர் இடம். இந்தத் தெருவில் யார் இளைக்கிறார்கள், யார் பெருக்கிறார்கள் என்பது அவரவர் வீட்டுக் கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். என் உடம்பை மட்டும் நான் அளந்து பார்த்ததில்லை. ஒருநாள் எனக்கு ஒரு சட்டை தைக்கலாமென்று டேப்பைச் சுற்றினேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது, முனை முனையைத் தொடவில்லை. முழங்கால் வலி, மூச்சு வாங்கல், சர்க்கரை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவளுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வயிற்றை உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக்கி, குடலை மேலே இழுத்து அதோடு சேர்த்துத் தைப்போம் என்றார் டாக்டர். எந்த மாதிரித் தையல் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைத்த சாதம் என்று ஒரு குழந்தைபோல ஆரம்பத்திலிருந்து சாப்பிடப் பழகினேன். மூன்றாவது மாதம் கல்யாணப் பெண்ணொருத்தி பட்டு ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். வரும்போது பெரிய கேக் துண்டொன்று கொண்டுவந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. ஒரு துண்டுதானே என்று, அவள் திரைக்குப் பின்னால் உடை மாற்றும் நேரத்துக்குள் நாலே வாயில் விழுங்கிவிட்டேன். சற்று நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. நிற்க முடியாமல் வெட்டும் மேசையில், அந்தப் பெண்ணின் பட்டுத் துணி மேலேயே சாய்ந்துவிட்டேன். சின்ன வயிற்றுக்கு அவ்வளவு இனிப்பு ஒரேயடியாக இறங்கினால் அப்படித்தான் ஆகும், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். சரியாகவும் ஆகிவிட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்து என் நாத்தனார், என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் மேசையில் கிடந்த கோலத்தை இருவரும் பார்த்துவிட்டார்கள்.

நாத்தனார் அவருடைய தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறாள், ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வரவேற்பில் வேலை. அன்றிலிருந்து அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். அன்று சாயங்காலமே சமையலறைக்குள் புகுந்து சர்க்கரை, தேன், ஜாம், பிஸ்கட், டப்பாவின் அடியில் கிடந்த பழைய சாக்லேட் வரை மூட்டை கட்டிவிட்டாள். மகளின் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்து, யோசித்து, அதையும் எடுத்துக்கொண்டாள்.

"இனிமே இந்த வீட்டுல இனிப்புங்கிற பேச்சே கூடாது. அண்ணி சாப்பிட முடியாதுன்னா யாருமே சாப்பிட வேணாம்," என்றாள்.

"எனக்கு இனிப்பே பிடிக்காம போச்சு," என்றார் என் புருஷன், உடனே.

"எனக்கும் பிடிக்காது," என்றாள் என் மகள்.

"எனக்கு அந்த ஆசையே விட்டுப்போச்சு," என்றேன் நான்.

நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். மற்ற இரண்டு பேரையும் முழுசாக நம்பினேன்.

இப்போது அந்த பேன்ட்டுக்கு வருகிறேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"என்னங்க, இது யார் தைச்சது?"

"எது?" என்று பேன்ட்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, திருதிருவென விழித்தார்.

"இடுப்புல ரெண்டு விரல் அகலம் பிரிச்சு விட்டிருக்கு. யார்கிட்ட குடுத்தீங்க?"

"அது... துவைச்சதுல கொஞ்சம் இறுக்கமாயிடுச்சு. உனக்கு எதுக்குச் சிரமம்னு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒருத்தர்கிட்ட..."

"காதுல பூ சுத்தாதீங்க. இது சுருங்குற துணி இல்ல. வாங்கினது நான். எனக்குச் சிரமமா? ஊர்ல எல்லார் இடுப்பையும் நான் பிரிச்சு விடறேன், உங்க இடுப்பு எனக்குச் சிரமமா?"

அவர் வெளியே போய், பயிற்சிக் காரின் கதவைத் திறந்து, முன்பக்கப் பெட்டியைக் காட்டினார். உள்ளே கேக் பொட்டலங்கள், சாக்லேட், க்ரீம் பிஸ்கட். பாதி கடித்து மடித்து வைத்த ஒன்று. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் ஆசிரியர் வாய் அசைபோட்டிருக்கிறது.

"உன் எதிர்ல சாப்பிட மனசு வரல. அதான். சாப்பிட்டா பெருக்குது, பெருத்தா உன்கிட்ட பேன்ட் குடுக்கணும், குடுத்தா நீ கண்டுபிடிச்சிடுவே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை. "கறுப்பு நூல்ல தைச்சிருக்கான் பாருங்க," என்று அந்த இடத்தைப் பிடித்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

"பொத்தானுக்குத் தெரியாது. அவ எதிர்ல நான் ஒருநாளும் சாப்பிட்டதில்ல," என்றார் அவர், அது ஒரு பெருமை மாதிரி.

பொத்தான் என்பது என் மகள். நடை பழகும் வயதில் ஒரு சட்டைப் பொத்தானை விழுங்கி எங்களை ஒரு முழு நாள் ஆட்டிவைத்தாள், அதிலிருந்து வீட்டில் அந்தப் பெயர்தான். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பத்து முடிய இருந்தது. அவளைப்பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லாமல்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராகக் குழாயடிக்குப் போய், வாய் கொப்பளித்து, முகம் கழுவித் துடைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். யார் சொல்லியும் வராத பழக்கம். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் தன் சுடிதாரைக் கொண்டுவந்தாள். "துவைச்சதுல சுருங்கிடுச்சு அண்ணி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிரிச்சு விடுங்க." அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே பொய். நான் வாயை மூடிக்கொண்டு டேப்பை எடுத்தேன். இனிப்பே இல்லாத இந்த வீட்டில் இளைத்தது நான் ஒருத்திதான்.

அளவு கொடுத்துக்கொண்டே அவள் பிறந்தநாள் திட்டத்தைச் சொன்னாள். கேக் கிடையாது. பெரிய தர்பூசணியாக வாங்கி, தோலைச் சீவி, வட்டமாக நிறுத்தி, மேலே மெழுகுவத்தி குத்தி, அதைக் கத்தியால் வெட்டலாம்.

"தர்பூசணிக்கு யாராவது மெழுகுவத்தி ஏத்துவாங்களா?" என்றேன்.

"பார்க்க அழகா இருக்கும் அண்ணி. பொத்தான்கிட்டயே கேளுங்க."

மெஷினுக்கடியில் உட்கார்ந்து சிந்திய ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பொத்தான் நிமிரவில்லை. "எனக்கு கேக் பிடிக்காது. தர்பூசணியே போதும்," என்றாள். பத்து வயதுப் பெண் அவ்வளவு சமர்த்தாகப் பேசியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுடைய சீருடைப் பாவாடையை எடுத்தேன். உயரமாகிக்கொண்டே போகிறாள், அடிமடிப்பை இறக்கிவிட வேண்டும். உள்பக்கம் திருப்பினேன். இடுப்புக்குக் கீழே, மடிப்புகளுக்கு நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத இடத்தில், ஒரு சின்னப் பை. மஞ்சள் துணி. கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு லைனிங் வெட்டியதில் மிஞ்சிய துண்டு அது, எனக்குத் தெரியும். பின்தையல், ஊசி ஓர் அடி பின்னே போய் முன்னே வருகிற உறுதியான கைத்தையல். விடுமுறையில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நூலை இரட்டையாகப் போட்டு, முனைகளில் இரண்டு தரம் திருப்பி, முடிச்சைத் துணிக்குள் இழுத்து மறைத்திருந்தாள். அந்த பஸ் ஸ்டாண்ட் ஆளைவிட நூறு மடங்கு நல்ல தையல். அவசரத்தில் செய்த காரியமில்லை இது. யோசித்து, இடம் பார்த்து, நாள் கணக்காகப் பயன்படுத்த வேண்டும் என்று செய்தது.

பைக்குள் கசங்கிய மிட்டாய்த் தாளும், சாக்லேட்டில் பாதியும் இருந்தன. நான் வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கையின் சூட்டில் சாக்லேட் இளகி விரலில் ஒட்டியது. நக்க வேண்டும்போல் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். துணியில் துடைத்துக்கொண்டேன்.

அவள் வயதில் நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியும். குண்டுப் பெண்ணுக்கு எதற்கு என்று எல்லோரும் தட்டை நகர்த்திவிடுவார்கள். குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் தின்பேன். ஒளித்துத் தின்கிறவளுக்கு ருசி தெரியாது, வேகம்தான் தெரியும். எதிரில் ஆள் இல்லாததால் போதும் என்பதும் தெரியாது. பெரியவளாகி, எனக்கென்று கதவு, எனக்கென்று காசு வந்த பிறகும் நான் அப்படியேதான் சாப்பிட்டேன். கல்யாணப் பெண் திரைக்குப் பின்னால் இருந்தபோது நாலே வாயில் விழுங்கியவளும் அந்தக் குளியலறைக்காரிதான். வயிற்றை டாக்டர் சின்னதாக்கினார், இதை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது அது என் மகளின் பாவாடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். வழக்கம்போலக் குழாயடி, கொப்பளிக்கிற சத்தம், பிறகு என்னிடம் ஓடிவந்தாள். மடியில் பாவாடையை உள்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்லா தைச்சிருக்கே," என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள்.

"திட்டலடி. யார் குடுத்தாங்க இதை?"

"கிளாஸ்ல. யாருக்காவது பர்த்டேன்னா குடுப்பாங்க. அங்கேயே சாப்பிட்டா சீக்கிரம் தீர்ந்துடும். அதான் கொஞ்சம் வெச்சுக்குவேன். டாய்லெட்ல சாப்பிட்டுட்டு வந்துடுவேன்."

"டாய்லெட்ல எதுக்குடி?"

"வீட்டுக்குக் கொண்டுவந்தா நீ பார்த்துடுவே இல்ல? பார்த்தா உனக்கு ஆசை வரும். நீ சாப்பிட்டா அன்னிக்கு மாதிரி மேசையில விழுந்துடுவே. அத்தை சொன்னாங்க, இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா அம்மா பிழைக்க மாட்டாங்கன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சேர்த்துச் சொன்னாள்: "அதான் வாய் கழுவிட்டு வருவேன். வாசம் வராம."

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பத்து வயதுக் கனம், இப்போது இடமும் இருந்தது, முன்பெல்லாம் என் வயிறே மடியை அடைத்துக்கொண்டிருக்கும். அவள் தலைக்கு மேல் நானும் அழுதேன். ஊரெல்லாம் நான் பெருமையடித்த நல்ல பழக்கம் இது.

மறுநாள் ஆஸ்பத்திரியின் டயட்டீஷியனுக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, பிறந்தநாளுக்கு கேக் வாங்கினால் நானும் ஒரு வாய் சாப்பிடலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் வளவளவென்று பேசுகிறவள் இல்லை.

"வெறும் வயித்துல வேணாம். சாப்பிட்டு முடிச்சதும், சின்ன ஸ்பூன்ல, மெதுவா, எல்லாரோடயும் உக்காந்து. உடம்பு ஒத்துக்கலைன்னா நிறுத்திடுங்க. வேணாம்னு தோணுச்சுன்னா வேணாம். மிச்சத்தை வீட்டுல வைக்காதீங்க, உங்களைப் பத்தி எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு, "குழந்தைக்கு எதுக்குத் தடை? ஆபரேஷன் உங்களுக்குத்தானே?" என்றாள்.

அன்று மாலை இன்ஸ்பெக்டர் சுடிதார் வாங்க வந்தபோது, நாளைக்கு கேக் வாங்கப் போகிறோம் என்று சொன்னேன்.

"என்ன அண்ணி பேசறீங்க? இவ்வளவு கஷ்டப்பட்டு இளைச்சுட்டு, மறுபடியும் ஆரம்பிக்கறீங்களா?"

"கேக் பொத்தானுக்கு."

"இன்னிக்கு ஒரு ஸ்பூன்னு ஆரம்பிக்கும். நாளைக்கு ஒரு தட்டுன்னு ஆகும். உங்களுக்கு நிறுத்தத் தெரியாது அண்ணி. நான் சொல்றது தப்பா?"

தப்பில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தாலும் அது உண்மை. பாவாடையிலிருந்து பிரித்து வைத்திருந்த மஞ்சள் பையை எடுத்து அவள் முன்னால் மேசையில் போட்டேன். பொத்தான் சொன்னதையெல்லாம் வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு நீங்க இந்த மேசையில கிடந்தப்ப எனக்குக் கை கால் ஓடல அண்ணி," என்றாள் மெதுவாக. "போயிட்டீங்கன்னே நினைச்சேன். அந்தப் பயத்துல குழந்தைகிட்ட அப்படிச் சொல்லிட்டேன்."

எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. "சரி விடு. அந்த சுடிதார் சுருங்குற துணி இல்ல, அதையும் தெரிஞ்சுக்கோ," என்றேன்.

அவள் சுடிதாரை மடித்துக்கொண்டே, "ஆபீஸ் வாசல்லயே ஐஸ்கிரீம் கடை வந்திருக்கு அண்ணி," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மெழுகுவத்தி கேக்கில்தான் ஏறியது. தர்பூசணியையும் வாங்கி வந்திருந்தாள் இன்ஸ்பெக்டர், மனசு கேட்கவில்லை அவளுக்கு, அது ஓரமாக உட்கார்ந்திருந்தது. பொத்தானுக்கு நான் தைத்த நீல கவுனில் அந்த மஞ்சள் பையை வெளிப்பக்கம், முன்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துத் தைத்திருந்தேன். நீலத்துக்கு மஞ்சள் கொஞ்சம் அடிக்கத்தான் செய்தது. அவளுக்குப் பிடித்திருந்தது.

முதலில் சாப்பாடு. என் பங்கு அவித்த முட்டையும் தயிரும், அது எனக்குத் தாராளம். பிறகு கேக்கை வெட்டினார்கள். பொத்தான் தன் துண்டைத் தட்டில் வாங்கினாள். வாங்கியதும், தட்டோடு எழுந்து உள்ளே நடக்கப் பார்த்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று.

"இங்க வா. என் எதிர்ல உக்காந்து சாப்பிடு," என்றேன்.

உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் அப்பாவும் பார்த்தார், அத்தையும் பார்த்தாள். வெடிக்கப்போகிற பட்டாசைப் பார்க்கிற மாதிரி மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, உனக்கு இது பிடிக்குமா?" என்று கேட்டாள் பொத்தான்.

ஆசையே விட்டுப்போச்சு என்கிற பேச்சு வாய்வரை வந்தது. எத்தனை மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியது.

"பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இப்ப இந்த முழுக் கேக்கையும் தூக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கணும்போல இருக்கு," என்றேன்.

பிறகு என் புருஷன், "எனக்கும் பிடிக்கும்," என்றார், நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்கிறவர்போல. இன்ஸ்பெக்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

பொத்தான் தன் தட்டிலிருந்து சின்ன ஸ்பூன் முனையில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். வாங்கி, நாக்கில் வைத்து, அது கரையும்வரை வைத்திருந்தேன். சாக்லேட்டுக்கு நடுவில் லேசாக உப்பு இருந்தது. இவ்வளவு காலம் தின்ற கேக்கில் உப்பு இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. இன்னொரு ஸ்பூன் கேட்டது மனசு. தண்ணீர் குடித்தேன். வேர்க்கவில்லை, படபடப்பு இல்லை.

"என்னங்க, மிச்சத்தை இப்பவே கார்ல வெச்சுட்டு வாங்க. நாளைக்கு உங்க பள்ளியில குடுத்துடுங்க," என்றேன். "இங்க இருந்தா என்னால சும்மா இருக்க முடியாது."

அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் போய் எவ்வளவு தின்றார் என்று நான் பார்க்கவில்லை. அந்த பேன்ட்டையும் பிரித்து, சாம்பல் நூலில் நானே தைத்து வைத்திருந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, சாயங்காலம். மெஷினில் வெளிர்நிறப் பட்டு ரவிக்கை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குழாயடிச் சத்தத்துக்காக என் காது காத்திருந்தது. அது வரவில்லை. பொத்தான் நேராக உள்ளே ஓடிவந்து, கழுத்தைக் கட்டி, கன்னத்தில் அழுத்தமாக ஒரு முத்தம் வைத்தாள். வாயெல்லாம் சாக்லேட். ஒரு கை பட்டுத் துணியின் மேல்.

"அடியே, கல்யாணத் துணிடி அது," என்று கத்திவிட்டேன்.

வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். முகம் சுண்டிப்போய், குழாயடிப் பக்கம் திரும்பினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கையை மட்டும் கழுவிட்டு வா," என்றேன். "வாய் அப்படியே இருக்கட்டும்."